பத்து நாள்தான் கணக்கு

ஆர்க்டிக் குளிர் இறங்குகிறது, ஏரிப் பக்கத்திலிருந்து ஸ்னோ கொட்டப் போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தால் போதும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழியும். அதே ஆட்களிடம், நடைபாதையில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். மூன்று வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு வந்து, "நகரசபை மேல கேஸ் போடலாமா?" என்று விசாரிப்பவர்களைக் குளிர்காலந்தோறும் பார்க்கிறேன். போட்டிருக்கலாம். பத்து நாளுக்குள் ஒரு கடிதம் எழுதியிருந்தால்.

அறிவிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருவகாலக் கணிப்பு என்பது வரப்போகும் மூன்று மாதங்கள் வழக்கத்தைவிடக் குளிராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் கிழமை எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் தேடாதீர்கள். அதற்கு கனடா சுற்றுச்சூழல் துறையின் அன்றன்றைய எச்சரிக்கைதான் கணக்கு. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். பிள்ளைகளை பஸ்ஸுக்கு நிறுத்துகிறவர்களுக்கு அது போதும்.

இனி விழுந்தவர்கள் விஷயம். 2025 பெப்ரவரியில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு புயல் வந்து ரொறன்ரோவில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நகரசபை கோடிக்கணக்கில் ஒப்பந்தம் கொடுத்திருந்தும், பல தெருக்களில் பனிமேடு வாரக்கணக்கில் கிடந்தது. வயதானவர்கள் நடுரோட்டில் இறங்கி நடந்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தை நகரசபையின் 311 இலக்கத்துக்குப் போன் போட்டுக் கொட்டிவிட்டு, அதுவே புகார் கொடுத்ததாகிவிடும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் கெட்டுப்போகிறது. போன் பேசியது சட்டப்படி நோட்டீஸ் ஆகாது.

நகரசபை நடைபாதையில் விழுந்தால், விழுந்த நாளிலிருந்து 10 நாளுக்குள், சனி ஞாயிறும் சேர்த்து, எழுத்து மூலமாக நகரசபை கிளார்க்குக்கு அறிவித்தாக வேண்டும். நேரில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். ரொறன்ரோவில் கிளார்க் அலுவலகம் இருப்பது சிட்டி ஹோலில். கடிதம் பெரிய இலக்கியமாக இருக்கத் தேவையில்லை. உங்கள் பெயர், விலாசம், விழுந்த தேதி, நேரம், இடம், என்ன அடி பட்டது, இவ்வளவுதான். இடத்தை மட்டும் துல்லியமாக எழுதுங்கள். "எக்ளின்டன் வீதியில்" என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. எந்தக் கட்டட இலக்கத்துக்கு முன்னால், வீதியின் வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா, பஸ் தரிப்பிடத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். தபால் ரசீதை அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

விழுந்தது நகரசபை இடத்தில் இல்லை, பிளாசா கார் தரிப்பிடத்தில், கோயில் முற்றத்தில், அபார்ட்மென்ட் வாசலில் என்றால் 60 நாள் அவகாசம். 2021 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் அதுதான் சட்டம். இடத்துக்குப் பொறுப்பானவருக்கோ, பனி அள்ள ஒப்பந்தம் எடுத்தவருக்கோ, நேரிலோ பதிவுத் தபாலிலோ நோட்டீஸ் போக வேண்டும். ஒருவருக்குப் போனால் போதும், மற்றவருக்குத் தெரிவிப்பது வாங்கியவரின் கடமை. அந்தத் துண்டு நிலம் நகரசபையுடையதா தனியாருடையதா என்று தெரியவில்லையா? ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்காமல் இரண்டு பேருக்கும் பத்து நாளுக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். மொத்தச் செலவென்றால் இரண்டு பதிவுத் தபால்.

வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பவர்களே, அந்த இரண்டு வருடம் வழக்குக்கு. நோட்டீசுக்கு இல்லை. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் சில வேளை மன்னிக்கும். அந்தச் சில வேளையை நம்பி இருக்காதீர்கள். இன்னொன்று: நடைபாதைப் பனி விஷயத்தில் நகரசபையின் சாதாரண கவனக்குறைவு போதாது, கடும் அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும். அதனால் படம் முக்கியம். காலை எட்டு மணிக்குக் கண்ணாடிபோல் கிடந்த ஐஸ் பதினொரு மணிக்கு உப்பு லொறி போன பிறகு இருக்காது. உங்களால் முடியாவிட்டால் கூட வந்தவரை எடுக்கச் சொல்லுங்கள். போட்டிருந்த சப்பாத்தைத் தூக்கி எறியாதீர்கள். அன்றே டொக்டரிடம் போங்கள்.

பேஸ்மென்ட் வாடகைக்காரர்களுக்கு இன்னொரு வில்லங்கம். "ஸ்னோ அள்ளுவது வாடகைக்காரர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், நம்மவர்களும்தான். அந்த வரி மட்டும் உரிமையாளரைக் காப்பாற்றாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. பொது வழியைப் பராமரிப்பது உரிமையாளர் கடமை.

வீட்டுக்குள் குளிர் என்றால்? வெப்பம் உரிமையாளர் தரவேண்டியது என்றால், ரொறன்ரோவில் குளிர்காலத்தில் 21 பாகை இருந்தாக வேண்டும். மாகாணச் சட்டம் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை கேட்கிறது. ஒரு தெர்மோமீட்டர் வாங்கி அறை நடுவில் வைத்து, காலையும் இரவும் தேதியோடு குறியுங்கள். உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், டெக்ஸ்ட் என்றால் அழியாமல் வைத்திருங்கள். பிறகு 311. அங்கே 311 வேலை செய்யும், புகார் இலக்கம் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் எல்.டி.பி. என்ற வாடகைத் தீர்ப்பாயத்தில் டி6 படிவம். வேண்டுமென்றே வெப்பத்தை நிறுத்தினார் என்றால் டி2. இரண்டையும் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள், அது அந்தத் தீர்ப்பாயத்தின் தீராத வியாதி.

ஆத்திரத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் என்4 நோட்டீஸ் வரும், குறித்த நாளுக்குள் கட்டச் சொல்லும், பிறகு குளிருக்குப் போட வேண்டிய வழக்கு உங்களை வெளியேற்றும் வழக்காகிவிடும். என்11-ல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், அது நீங்களே வெளியேறச் சம்மதிக்கும் படிவம். பேஸ்மென்ட் பதிவில்லாதது என்பதால் உரிமை இல்லாமல் போகாது. ஆனால் சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளரோடு பகிர்ந்து இருப்பவர்களுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது, அவர்கள் எல்.டி.பி.க்கு அலைய வேண்டாம்.

வெப்பத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் காஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் நடக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. காஸ் ஹீட்டர் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் வைப்பது உரிமையாளர் கடமை. அதன் பற்றரியைக் கழற்றி டிவி ரிமோட்டுக்குப் போடுவது உங்கள் குற்றம்.

ஹைட்ரோ பில் கட்டாமல் நிற்பவர்களுக்கு: நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது, ஒன்ராறியோ எரிசக்திச் சபையின் விதி அது. பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மே முதலாம் தேதி வரை காத்திராமல் இப்போதே கம்பனிக்குப் போன் செய்து தவணை கேளுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு லீப் என்ற அவசர உதவியும் உண்டு.