பலகையின் மேல் ஒரு ரெயில்

கனகம்மாசத்திரத்துப் பிள்ளைகளுக்கு நெடுநாளாக ஒரு குறை. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவர்கள் வாசல் வழியே போகிறது; ரெயில் மட்டும் போகவில்லை. தென்னாட்டின் முதல் ரெயில் பாதை 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் திறக்கப்பட்டது. அந்தத் தடம் திருவாலங்காட்டைத் தொட்டு அரக்கோணத்தைத் தொட்டுச் செல்கிறதேயன்றிச் சத்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி பார்க்க வேண்டுமானால் திருவாலங்காட்டுக்கோ திருத்தணிக்கோ போகவேண்டியதுதான்.

“வராத ரெயிலை நாமே செய்துவிட்டால் என்ன?” என்று மாலை வேளையில் கூடும் நமது மாணவர் சங்கத்தில் ஒரு பையன் கேட்டான். கேள்வி சிறியது, அது நம்மை எட்டு மாதம் ஆட்டிவைத்தது.

இது புதிய பைத்தியமன்று. லண்டன் மாநகரில் இதற்கென்றே 1910-ஆம் வருஷம் ஒரு சங்கம் தோன்றி இன்றளவும் நடந்துவருகிறது. நம் தேசத்தில் புனா நகரத்து பி. எஸ். ஜோஷி என்பவர் ஆயுளில் பெரும் பகுதியை இதற்கே செலவிட்டார். அவர் சேகரித்தும் செய்தும் சேர்த்த சிறு ரெயில்களும் ஒரு சின்னஞ்சிறு நகரமும் 1998-ஆம் வருஷத்தில் கோத்ருட் பகுதியில் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டன. ஆனால் அது ஓரிடத்தில் நிலைபெற்றது. நமக்கோ நிலையான இடம் ஏது? பகலில் வகுப்பு நடக்கும் அறைதான் மாலையில் நமக்குப் பட்டறை. ஆகையால் அன்றன்று பிரித்துச் சுவரோரம் சாய்த்துவைக்கவும், வேண்டும்போது வண்டியிலேற்றி வேறூருக்குக் கொண்டுபோகவும் தக்கதாக இருக்கவேண்டும். கொலுப்படியைப் பூட்டிக் கழற்றும் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த யோசனையை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாலடி நீளமும் இரண்டடி அகலமுமான ஐந்து பலகைகள் என்று தீர்மானித்தோம். இரு பையன்கள் இருபுறமும் பிடித்துத் தூக்கக்கூடிய அளவு அதுவே. பிறகு கணக்கு ஆரம்பமாயிற்று. கடையில் கிடைக்கும் சிறு தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அதன்மேல் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நம் நாட்டு அகலப்பாதையின் இடைவெளியோ 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது! அயல்நாட்டுப் பாதையின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். அதற்கென்று வகுத்த அளவில் நமது பாதை எப்படி அடங்கும்? பையன்கள் இதைக் கண்டுபிடித்தபோது அவர்கள் முகத்தில் தோன்றிய கோபத்தைப் பார்க்க நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. தண்டவாளத்தை நாமே செய்யக் கைத்திறன் போதாது. எனவே அந்த இரண்டே முக்கால் மில்லிமீட்டர் பொய்யை ஒப்புக்கொண்டோம்.

அடுத்த பொய் வளைவில். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதுவே 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் இரண்டு மீட்டர். வண்டி சுற்றித் திரும்ப நாலு மீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு அகலத்துக்கு அறையில் எங்கே போவது? அரை மீட்டருக்கும் குறைவான ஆரத்தில் வளைத்து, அந்த இடத்தை மரங்களால் மறைத்தோம். பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட வண்டியும் மூன்று மீட்டர் நீளம் வரும். அது நாலு பெட்டியாயிற்று. எஞ்சினும் தண்டவாளமும் பிறநாட்டுச் சரக்கு. பெட்டிகளையாவது நம் கையால் செய்வோமென்று அட்டையில் வெட்டி ஒட்டியதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை.

எல்லாவற்றினும் நம்மை வாட்டியது பலகைகளின் சந்திதான். தனித்தனியே ஓடவிட்டபோது ஒவ்வொரு பலகையிலும் வண்டி அழகாக ஓடியது. ஐப்பசி மழையில் ஐந்தையும் முதன்முறை சேர்த்த அன்று, மூன்றாவது சந்தியில் எஞ்சின் குதித்துக் குப்புற விழுந்தது. காற்றின் ஈரத்தில் ஒட்டுப்பலகை ஊதியிருந்தது. ஒரு தண்டவாள முனை நகக்கண் அளவு எழும்பி நின்றது. சக்கர விளிம்பின் ஆழமே ஒரு மில்லிமீட்டரை எட்டாது. நகக்கண் உயரம் அதற்கு மலையல்லவா? எல்லைப்புறத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீடுகளில் வாழும் நமக்கு இரு விளிம்புகளைப் பொருத்தும் சிரமம் தெரியாததன்று என்று ஓர் ஆசிரிய நண்பர் சிரித்தார். ஊர் ஆசாரி சிரிக்கவில்லை. அடுத்தடுத்த பலகைகளை இறுக்கிக் கட்டி இரண்டையும் சேர்த்தே துளையிட்டார்; ஒன்றில் பித்தளை முளையும் மற்றதில் பித்தளைக் குழியும் பதித்தார்; பலகைகளின் அடியிலும் விளிம்பிலும் இரு கை வார்னிஷ் பூசச் சொன்னார். நாம் செய்தது ஒன்று: சந்தியின் இரு ஓரத்திலும் பித்தளைத் திருகாணி முடுக்கி, தண்டவாள முனையை அதன் தலைமேல் ஈயப்பற்று வைத்து நிறுத்தியது. திருகாணியைச் சிறிது திருப்பி உயரத்தைச் சரிசெய்து, தண்டவாளத்தைச் சந்தியிலே அறுத்துவிட்டோம். அதன் பிறகு வண்டி விழவில்லை.

மின்சாரம் வெறும் 12 வோல்ட். குழந்தை தொட்டாலும் பயமில்லை.

கடைசியில் திருத்தணி மலை வந்தது; சண்டையும் வந்தது. முருகன் சந்நிதிக்கு 365 படிகள். படிக்கு அரையடி என்று வைத்தாலும் நமது அளவில் மலை இரண்டடிக்கு மேல் உயரும். வண்டியில் ஏற்ற முடியாது. நூறு படி போதும், எண்ணிப் பார்ப்பார் யார் என்றனர் சிலர். கணக்கில் எப்போதும் பின்தங்கும் பையன் ஒருவன் எழுந்து, “தண்டவாளத்தில் பொய், வளைவில் பொய், வண்டியில் பொய். படியிலுமா, ஐயா?” என்றான். நாம் வாயடைத்துப் போனோம். காகிதக்கூழால் மலையை இரு துண்டாகச் செய்து, நடுவில் கழற்றிவைக்கும்படி அமைத்தோம். படிகளை அவனே அட்டையில் வெட்டினான். பதினொரு நாள் ஆயிற்று.

பள்ளியில் முதன்முறை காட்சிக்கு வைத்தபோது பிள்ளைகள் கூட்டம் எஞ்சினையே மொய்த்தது. ஒரு பாட்டியம்மாள் மட்டும் மலையருகே நின்று, விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, “முந்நூற்று அறுபத்து நாலு” என்றார். பையன் துள்ளிக் குதித்து ஓடி வந்தான். இருவரும் அடிவாரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்கள்.