உங்கள் பெயரில் மற்றொருவர் எழுதினால்…



சில ஆண்டுகளுக்கு முன், மும்பையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் புறப்பட்டுப்போன பின்னும் ஒரு தகப்பனும் தாயும் மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர்களுடைய மகளின் பெயரையும் படத்தையும் வைத்து, யாரோ ஒருவர் சமூக வலைதளத்தில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, முன்பின் அறியாத ஆடவருக்கெல்லாம் தகாத செய்திகளை அனுப்பியிருந்தார். "ஐயா, ஊரில் அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? படிப்பை நிறுத்திவிடட்டுமா?" என்று தகப்பன் கேட்டார்.

அன்று நான் சொன்ன ஆலோசனையை நினைத்து இன்றும் வருந்துகிறேன். "எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம், ஜெபிப்போம்" என்றேன். அவர்கள் அப்படியே செய்தார்கள். மூன்று வாரங்களில் இரண்டாவது கணக்கு தோன்றியது. காவல் நிலையத்துக்குச் சென்றபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "முதல் கணக்கின் முகவரி எங்கே? அந்தச் செய்திகள் எங்கே?" என்பதே. எங்களிடம் ஒன்றும் இல்லை. ஜெபிக்கச் சொன்னது தவறன்று. சான்றை அழிக்கச் சொன்னதே தவறு.

அதன்பின் இக்காரியத்தில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை விசாரித்து அறிந்துகொண்டேன். என்னைப்போல் நீங்களும் தவறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மௌனம் யாருக்கு உதவுகிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்கீழ் நம் நாட்டில் தொடக்கத்திலேயே தண்டனை வரை சென்ற வழக்கு ஒன்று, இத்தகைய காரியத்தைப் பற்றியதுதான். சென்னையிலுள்ள ஒரு பெண்ணின் பெயரில் ஒருவர் போலி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, இணையக் குழு ஒன்றில் ஆபாசச் செய்திகளை வெளியிட்டார். அவற்றைக் கண்டவர்கள் அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்தார்கள். 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சில நாட்களுக்குள் குற்றவாளி மும்பையில் பிடிபட்டார். அவர் அந்நியர் அல்லர், குடும்பத்துக்குப் பழக்கமானவர், அப்பெண்ணை மணக்க விரும்பியவர். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. அப்பெண் வெட்கத்தால் மௌனமாயிருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு பிறந்திராது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

அந்தச் சட்டத்தின் 66சி பிரிவு, மற்றொருவரின் கடவுச்சொல்லையோ அவருக்கே உரிய அடையாளத்தையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 66டி பிரிவு, கைப்பேசி அல்லது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கிறது. இரண்டுக்குமே 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆபாசம் கலந்திருந்தால் 67ஆம் பிரிவும் சேரும். அவதூறுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இருக்கிறது.

"இதெல்லாம் பிரபலமானவர்களுக்குத்தானே?" என்று எண்ணாதிருங்கள். 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி அவர் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே உங்கள் படத்தையும் பெயரையும் கேளாமல் விளம்பரத்தில் போடுபவர்மேல் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்டு நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் ஒரே பெயர் இருவருக்கு இருப்பதோ, உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் நியாயமாக விமர்சிப்பதோ குற்றமாகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, எதையும் அழிக்காதிருங்கள். போலிக் கணக்கின் முழு முகவரி, தேதி, நேரம், செய்திகள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செய்தி வந்த கைப்பேசியையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தக் கைப்பேசியே ஆதாரம்.

இரண்டாவது, அந்த வலைதளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பில் பெற்றோரும் அனுப்பலாம். ஆள்மாறாட்டக் கணக்கையும் திரிக்கப்பட்ட படத்தையும் 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் அந்த நேரத்தை இன்னும் குறைத்தது. பதில் திருப்தியில்லாவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம்.

மூன்றாவது, காவல்துறையிடம் புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். உங்கள் பெயரைச் சொல்லிப் பணம் பறித்திருந்தால், பணத்தை இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். "இது எங்கள் எல்லை அல்ல" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப இயலாது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் புகாரைப் பெறவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்லுகிறது. மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையெனில் மாஜிஸ்திரேட்டை அணுகுங்கள்.

நான்காவது, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்காதிருங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. பாஷை தெரியாத பட்டணத்தில் குடியிருக்கும் நமக்கு இது பெரிய ஒத்தாசை.

விசுவாசி சட்டத்தை நாடலாமா?

இந்தக் கேள்வி பலருடைய உள்ளத்தில் உண்டு. தன் பெயரால் வேறு நிருபம் வரக்கூடும் என்று தெசலோனிக்கேயரை எச்சரித்த அப்போஸ்தலனாகிய பவுல், தன் கையெழுத்தையே அடையாளமாக வைத்தார். ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லவும், இராயனுக்கு அபயமிடவும் அவர் தயங்கவில்லை. மன்னிப்பது நம் உள்ளத்தின் காரியம். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைக்கும் இதே தீங்கு நேராதபடி தடுப்பது நம் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு விரோதமானதல்ல.

அந்தக் குடும்பத்தின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துப் புகார் கொடுத்தார்கள், கணக்கு நீக்கப்பட்டது. மகள் படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அவள் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை என் உள்ளத்தில் தங்கியிருக்கிறது: "ஐயா, அந்தக் கணக்கைவிட, அப்பா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காததுதான் எனக்கு வலித்தது."

பெற்றோரே, உங்கள் பிள்ளை கைப்பேசியை நீட்டிக்கொண்டு கண்ணீரோடு வந்து நின்றால், புகார் எழுதுவதற்கு முன்னே அவளிடம் சொல்லுங்கள்: "இது உன் தவறு அல்ல, நாங்கள் உன்னோடு இருக்கிறோம்."