களர் மண்ணில் ஜிப்சம் என்ன செய்கிறது?



போன கோடையில் ஒரு விவசாயி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஜிப்சத்தை மாவு மாதிரி தூவினேன். களர் அப்படியேதான் கெடக்கு. காசு போனதுதான் மிச்சம்" என்றார். தண்ணீர் கட்டி வடித்தீர்களா என்று கேட்டேன். "தண்ணிக்கே அல்லாடுறோம், அதைப் போயி வெளியே விடச் சொல்றீங்களே!" என்றார். அவர் காசு எங்கே போயிற்று என்று தெரிய, அணுவுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே புரோட்டான்கள். அவற்றுக்கு நேர் மின்னூட்டம். சுற்றிலும் எலக்ட்ரான்கள், அவற்றுக்கு எதிர் மின்னூட்டம். டார்ச் லைட் பேட்டரிக் கட்டையில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருக்குமே, அதே மாதிரிதான். சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், கணக்கு நேர். ஆனால் மண்ணில் உப்பாக இருக்கும்போது அது ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. ஆகவே ஒரு நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியமோ 20 எலக்ட்ரானில் இரண்டை இழந்தது. அதற்கு இரண்டு மிச்சம். இப்படி நிற்பதை அயனி என்பார்கள்.

களிமண் துகளின் மேல் எதிர் மின்னூட்டம் உண்டு. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் அயனிகள் துகளில் ஒட்டிக்கொள்கின்றன. சோடியம் நிறைய ஒட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்துபோகும். அதனால்தான் களர் நனைந்தால் கூழ், காய்ந்தால் செங்கல். தண்ணீர் கீழே இறங்காது. வேருக்கு மூச்சு முட்டும். ஜிப்சம் கரைந்ததும் ஒரு கால்சியம் வந்து, இரண்டு சோடியத்தைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். துகள்கள் கூடி, மண் பொலபொலப்பாகும்.

சரி, கிளம்பிய சோடியம் எங்கே போகும்? தண்ணீரில் கரைந்து அதே வயலில் நிற்கும். வடிக்காவிட்டால், குடியிருந்தவனைக் காலி பண்ணச் சொல்லித் திண்ணையிலேயே படுக்க வைத்த கதைதான். அவர் காசு அப்படித்தான் போயிற்று.

முதலில் மண் பரிசோதனை. கார அமில நிலை 8.5-க்கு மேலே போய், சோடியமும் மிகுந்திருந்தால்தான் ஜிப்சம்; எவ்வளவு என்பதையும் பரிசோதனையே சொல்லும். வெறும் உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, ஜிப்சம் தூவி உழுது, தண்ணீர் கட்டி நாலைந்து நாள் கழித்து வடியுங்கள். இன்னும் ஓரிரு தடவை இப்படிச் செய்யுங்கள். கிணற்றை நம்ப முடியாதவர்கள் மழைக்காலத்தை விடாதீர்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். நெல்லுக்கு டி.ஆர்.ஒய். 3 ரகம் களரைத் தாங்கும்.

ஒன்று மட்டும். வடிக்கிற தண்ணீரைப் பொது வடிகாலில் விடுங்கள். பக்கத்து வயலில் விட்டால், உங்கள் சோடியம் அவர் மண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும்.