ஆல்பத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

எங்கள் வீட்டுக்காரர் வில்லியனூர் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மாமனார் காலத்துக் கடை. நான் 1989-ல் மருமகளாக வந்தேன். கறுப்பு வெள்ளை போய், கலர் வந்துகொண்டிருந்த நேரம் அது. டார்க் ரூமில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் டிரேயில் கிடக்கும் வெள்ளைக் காகிதத்தில் மெல்ல மெல்ல ஒரு முகம் எழும்பி வரும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் வேலை பழகிவிட்டது. படத்தை ஹைப்போவில் போடுவது, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுவது, கிளிப் மாட்டிக் காயவைப்பது எல்லாம் சமையலுக்கு நடுவே என் வேலைதான். ஹைப்போ சரியாகப் போகாவிட்டால் நாலைந்து வருஷத்தில் படம் மஞ்சளடித்துவிடும் என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இத்தனை வருஷத்தில் எங்கள் கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கோரிக்கை மட்டும் மாறவே இல்லை. கையில் ஒரு பழைய கல்யாண குரூப் போட்டோவோடு வருவார்கள். பின் வரிசையில், பாதி முகம் மறைந்து நிற்கும் ஒரு அம்மாவைத் தொட்டுக் காட்டுவார்கள்.

“தம்பி, அம்மா தவறிட்டாங்க. தனியா ஒரு படமும் இல்ல. இதிலேருந்து எடுத்துப் பெரிசு பண்ணிக் கொடுங்க. நாளன்னிக்குக் கருமாதி.”

அந்த நாளில் அந்தக் குரூப் போட்டோவையே மறுபடி படம் பிடித்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுச் சரிசெய்வார் மாமனார். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறோம். எதில் செய்தாலும், நகத்தளவு முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? கண் கலங்கலாக, சிரிப்பு இல்லாமல், யாரோ மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. இப்படி வருகிற படங்களில் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பாக்களுக்கு எப்படியாவது ஒரு தனிப் படம் இருந்துவிடுகிறது.

இது ஏன் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பொம்பளைக்கு மூன்று முறைதான் போட்டோ. மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று. அதற்கப்புறம் கேமராவுக்கு முன்னால் பிள்ளைகளைத்தான் தள்ளிவிடுவோம். “போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்” என்று பயந்த ஆயாக்களும் இருந்தார்கள். 1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தபோது போட்டோ ஒட்டிய வாக்காளர் அட்டை கொண்டுவந்தார்கள் அல்லவா? எங்கள் ஊரில் பல ஆயாக்களுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் தனிப் படம் அதுதான். இன்றைக்கும் எத்தனையோ பேருக்கு ஆதார் அட்டையில் இருப்பதுதான் ஒரே தனிப் படம். அதில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்காமீஸ்வரர் கோயிலில் முகூர்த்தம் என்றாலும் சரி, பாகூரில் மண்டபத்தில் என்றாலும் சரி, ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளை, பெண், சம்பந்தி, தலைவர்கள், மேடை அலங்காரம் எல்லாம் இருக்கும். பெண்ணைப் பெற்றவள் தாரை வார்க்கும்போது ஒன்றில் இருப்பாள். பெண்ணின் அத்தையும் சித்தியும் சமையல் கட்டிலும் பந்தியிலும் நின்றுவிடுவதால் ஒன்றிலும் இருக்க மாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் ஆர்டர் எடுக்கும்போதே நான் ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுகிறேன். வீட்டுப் பெண்கள் யார் யார், பெயர் என்ன, முறை என்ன என்று. முகூர்த்தத்துக்கு முன்பே, பட்டுப்புடவை கசங்காத நேரத்தில், ஒவ்வொருவரையும் ஜன்னல் ஓரம் நிறுத்தித் தனியாக ஒரு படம் எடுத்துவிடுவோம். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆல்பம் வாங்க வரும்போது அந்தப் பக்கத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் புதுவைக்கு பிரான்ஸ் உறவு உண்டு என்பது தெரிந்ததுதானே. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பாரிஸ் மாப்பிள்ளைக்கு அனுப்பப் பெண்ணின் படம் எடுக்க வருவார்கள். “கொஞ்சம் கலரா தெரியற மாதிரி எடுங்க சார்” என்று அம்மாவே சொல்வாள். அந்தப் பெண் தலை குனிந்து நிற்கும். நான் உள்ளே கூட்டிப்போய், “உன் நிறத்துக்கு என்னம்மா குறை? வெளிச்சம் சரியா விழுந்தா போதும்” என்பேன். அதுதான் உண்மையும்கூட. முகத்துக்கு நேரே பளீரென்று வெளிச்சம் போடாமல், பக்கவாட்டில் இருந்து மெதுவாக விழவிட்டால் கறுத்த முகத்தின் களையே தனி. மாவு பூசிய மாதிரி வெளுப்பாக்கிய படத்தைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கே தன்னை அடையாளம் தெரியாது.

எங்கள் தெருப் பக்கம் பெண்களுக்கென்று காலையில் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. யோகாவும் உண்டு. ஜூன் 21 சர்வதேச யோகா தினம் என்று 2015-லிருந்து கொண்டாடுகிறார்களே, அதற்குப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். முதலில் ஒருவரும் நிற்கவில்லை. “அய்யோ, நான் குண்டா இருக்கேன்”, “வீட்ல திட்டுவாங்க”, “எவன் போன்ல போய்ச் சேருமோ” என்று ஆளுக்கு ஒரு காரணம். கடைசியாகச் சொன்னது நியாயமான பயம். அதனால் நான் ஒரு விதி வைத்தேன். எடுப்பது நான்தான், ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள். எடுத்ததை அவரவரிடம் காட்டுவேன். வேண்டாம் என்றால் அப்போதே அழித்துவிடுவேன். கேட்காமல் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அப்புறம் தயக்கம் போய்விட்டது. ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா, கையைத் தூக்கி நேராக நிற்கும் தன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “நானா இது? எங்கம்மா ஜாடை அப்படியே இருக்கே” என்றார். அவருடைய அம்மாவுக்குப் படம் கிடையாது.

வில்லியனூர் சுடுமண் வேலை எங்கள் ஊரின் பெருமை. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் அப்படியே. 2020-ல் சுடுமண் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. கண்காட்சிக்கும் பட்டியலுக்கும் பொம்மைகளைப் படம் எடுக்கக் கலைஞர்கள் எங்களிடம் வருவதுண்டு. கறுப்புத் துணி விரித்து, ஒரு பக்க வெளிச்சத்தில் வைத்தால் மண்ணின் வளைவெல்லாம் எடுப்பாகத் தெரியும். அப்படி எடுக்கப் போகும் வீடுகளில், மண் பிசைவதும், நகாசு ஒட்டுவதும், வர்ணம் தீட்டுவதும் பல இடங்களில் பெண்கள்தான். “நீங்களும் பொம்மையோட நில்லுங்கக்கா” என்றால், “நானா? அவரைப் புடிங்க” என்பார்கள். நான் விடுவதில்லை. மண் ஒட்டிய கையோடு, வேலை செய்கிற கோலத்தில் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுவேன். கைவினைஞர் அட்டைக்கு எடுக்கும் பாஸ்போர்ட் படத்தில் அவர் யாரோ ஒருவர். இந்தப் படத்தில் அவர் கலைஞர்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. குஜராத்தில் 1913-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. சுதந்திரம் வந்த நாட்களை நமக்குக் காட்டிய அவருக்கு 2011-ல்தான் பத்ம விபூஷண் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மறைந்துவிட்டார். கேமராவுக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னால் நின்றாலும் நம் பெயர் எவ்வளவு சுலபமாக விட்டுப்போகிறது பாருங்கள்! வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழாக்களுக்கு இப்போது நானே கேமரா எடுத்துப் போகிறேன். பில்லில் என் பெயரையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார் வீட்டுக்காரர்.

படம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்ற காலம் உண்டு என்று மாமனார் சொல்வார். புதுவையில் 1955-லிருந்து இயங்கிவரும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலும் புதுவையிலும் உள்ள பழைய ஸ்டூடியோ, குடும்பப் படங்களைத் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. ராஜா, மந்திரி படங்கள் அல்ல. நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்களின் படங்கள்! பட்டணத்து ஆராய்ச்சியாளர்களே அவ்வளவு மதிக்கும்போது, நம் வீட்டுப் படத்தை நாம் பரண் மேல் கரையானுக்கு விடலாமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது பாகூர் பக்கம் எத்தனை கூரை பறந்தது! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு நனைந்த ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். நகை போனதைவிட அதற்குத்தான் அழுதார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்து ஒட்டிக்கொண்ட பழைய கலர், கறுப்பு வெள்ளைப் படங்களைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும். படத்தின் முகப்பைக் கையால் தேய்க்கக் கூடாது. சேற்றை வேறு தண்ணீரில் அலசி, முகப்பு மேலே இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். கொடியில் கிளிப் போட்டும் தொங்கவிடலாம். வெயில் ஆகாது, சுருண்டுவிடும். இரண்டு நாளுக்கு மேல் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உடனே செய்ய நேரமில்லையா? பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பிரிண்டரில் மை கொண்டு எடுத்த படங்களை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், சாயம் கரைந்துவிடும். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துவிடுங்கள்.

இன்று எல்லோர் கையிலும் செல்போன். ஆயிரக்கணக்கில் படம். ஆனால் போன் தண்ணீரில் விழுந்தால் பேரன் பிறந்ததிலிருந்து எல்லாம் போயிற்று என்று வருகிறார்கள். பிடித்த படத்தில் வருஷத்துக்குப் பத்தாவது காகிதத்தில் போட்டு வையுங்கள். ஆல்பத்தில் படத்துக்குக் கீழே பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்னால் தடம் விழும். வெயில் படும் சுவரிலும், ஈரம் கசியும் அலமாரியிலும் வைக்காதீர்கள்.

தோழிகளே, கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த விசேஷத்துக்கு முன்னால், உங்களுக்குப் பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு, தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் மாமியாரும் இருந்தால் அவர்களையும் எடுத்துவிடுங்கள். “எனக்கு எதுக்குடி இப்ப?” என்பார்கள், விடாதீர்கள். நமக்கு அழகு போதாது, வயதாகிவிட்டது, உடம்பு போட்டுவிட்டது என்பதெல்லாம் நம் கணக்கு. பிள்ளைகள் கணக்கில் அது அம்மா முகம். அவர்கள் ஒரு நாள் குரூப் போட்டோவின் பின் வரிசையில் நம்மைத் தேடும்படி வைக்க வேண்டாமே!

– ஒரு வாசகி, வில்லியனூர்