முகாம் முடிந்த பிறகு வரும் சேதி

மல்லசமுத்திரம் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த முறை கேள்வி-பதில் பகுதிக்கு வந்திருந்தது. ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி, வரப்போரம் கொஞ்சம் தீவனச் சோளம், இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரிக் கன்று. அவர் எழுதியிருந்தது இது:

"எங்கள் ஊருக்குக் கால்நடைத் துறையினர் வந்து கன்றுகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார்களாம். அன்றைக்கு நான் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கன்றுக்கு ஆறு மாதம் ஆகிறது. போன வருடம் வெங்காயத்துக்கு இன்சூரன்ஸ் கட்டுவதும் இப்படித்தான் ஆனது. எல்லாமே முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன வழி?"

கேள்வி சின்னதுதான். ஆனால் நான்கு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போக மனம் வரவில்லை. முப்பது வருடமாக அறிவிப்பு ஒட்டும் பக்கத்தில் நிற்பவன் நான்.

நம் பகுதியில் சேதி போகாமல் இல்லை. நாமக்கல் மண்டலத்து முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்த கொஞ்ச நேரத்தில், கோழிப்பண்ணையே இல்லாத ஊர் டீக்கடையில்கூட அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். ஐந்து பைசா ஏறினாலும் தெரியும், இறங்கினாலும் தெரியும். ஒரு வீட்டில் கேதம் என்றால் விடிவதற்குள் எட்டு ஊருக்குச் சொல்லியாகிவிடும். மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிய சேதி திருப்பூரில் வேலை பார்க்கும் பையனுக்கு அன்று இரவே போய்ச் சேரும். பூச்சாட்டிவிட்டால் நோம்பி முடியும் வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்னும் பல ஊர்களில் இருக்கிறதே. நாமக்கல்லை அடுத்த புதன்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் புதன், மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. வெளியூர் வியாபாரி ஏமாறலாம், நம் ஊர்ப் பிள்ளை ஏமாறாது.

ஆக, காதுக்கும் வாய்க்கும் குறைவில்லை. அரசாங்கத்துக் காகிதம் மட்டும்தான் ஊருக்குள் வந்ததும் கால் இடறி விழுந்துவிடுகிறது.

முன்பு தண்டோரா இருந்தது. 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். சரியான முடிவு. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிக்காரரைப் பறையோடு தெருத்தெருவாக நடக்கவிட்டதற்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டியிருந்தது. அது திரும்பி வர வேண்டாம்.

ஆனால் அதற்குப் பதில் வந்த மைக் செட் ஆட்டோ என்ன செய்கிறது? காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் ஒரு சுற்று. அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? பெரியவர்கள், கைக்குழந்தை, கோழி. காட்டில் வேலை செய்பவருக்கு "அன்பார்ந்த பொதுமக்களே" என்பது மட்டும் காற்றில் வரும், தேதி வராது. வண்டி நிற்பதும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. ஆட்டோவை மாலை ஆறரைக்கு அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். வாடகை அதேதான்.

அவர் கேட்ட ஒரு கேள்வி

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினேன். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாளிதழில் செய்தி வந்தது. கோப்பில் 'விளம்பரம் செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

கெடு முடிந்த மறுநாள் ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லை. முக்கால் ஏக்கர் வெங்காயம். கையில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் மஞ்சப்பையில் ஒழுங்காக இருந்தன. இணையதளம் மூடியாகிவிட்டது என்று சொன்னேன். பலகையைக் காட்டி, "பத்து நாளா இங்கதான் ஒட்டியிருக்குதுங்களே அம்மா" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், நீங்க ஒட்டுன எடத்துக்கு வர்ற வேலை எனக்கு இல்லீங்களே. நான் போற எடத்துல நீங்க ஒட்டியிருக்கலாமுங்கல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தப் பருவத்தில் தொடர்மழை பெய்து தாழ்வான காடுகளில் வெங்காயம் அழுகியது. அவர் காடும் தாழ்வுதான்.

தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். நெல், சோளம் போன்றவற்றுக்குக் காரிஃப் பருவத்தில் 2, ராபியில் ஒன்றரை. 2020 காரிஃப் முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயம் இல்லை. முன்பு வங்கியே பிடித்துக்கொள்ளும். இப்போது நாமே தேதி பார்க்க வேண்டும். இன்னொரு தேதியும் உண்டு. ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது போல ஒரு காட்டில் மட்டும் சேதம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். நான்காம் நாள் புகைப்படத்தோடு வந்து நிற்பவரைப் பார்த்தால் எனக்கு அந்த அம்மாவின் மஞ்சப்பைதான் நினைவுக்கு வரும்.

அன்று அவரிடம் கேட்டேன், "நீங்க தினமும் எங்கெங்க போவீங்க?" பால் சொசைட்டி, காலையும் மாலையும். ரேஷன் கடை, மாதம் இரண்டு தடவை. மேல்நிலைத் தொட்டிக் குழாயடி. வெள்ளிக்கிழமை கோயில். அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் நோட்டீஸைப் பால் ஊற்றும் இடத்தில், கேனை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் சுவரில், கண் மட்டத்தில் ஒட்டச் சொன்னேன். பெரிய எழுத்தில் மூன்றே வரி: என்ன, எந்தத் தேதிக்குள், எங்கே. அரசாணை எண்ணெல்லாம் எடுத்துவிட்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கச் செயலாளரே வாய்விட்டுச் சொல்லிவிடுவார்; பால் அளந்து சீட்டு எழுதும் நேரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த ஊரில் பதிவு கூடியதைக் கண்ணால் பார்த்தேன்.

எனவே சகோதரிக்கு முதல் பதில்: உங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் ஒரு கரும்பலகை கேளுங்கள். பழைய கதவுப் பலகை இருந்தாலும் போதும். கால்நடை மருந்தகம், வேளாண்மை விரிவாக்க மையம், கிராம நிர்வாக அலுவலர் மூவரிடமும் "சேதி இருந்தால் சொசைட்டிக்கு ஒரு போன் போடுங்கள்" என்று ஒருமுறை சொல்லி வைத்தால், பத்துக்கு ஏழு சேதி வந்துவிடும். போன் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உழவன் செயலியையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மானியம், விலை நிலவரம், காப்பீடு எல்லாம் அதில் வரும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், சேலத்தில் சந்தியூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் நடத்தும் பயிற்சிகளுக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும். அறிவிப்பு நாளிதழில் உள்பக்கத்தில் நான்கு வரிதான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கல் நட்ட பிறகு

ஊசியும் காப்பீடும் தவறினால் ஒரு பருவம் போகும். சில அறிவிப்புகள் தவறினால் காடே போகும். 2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சாலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. நான் சொல்ல வருவது நோட்டீஸைப் பற்றி. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி முதல் அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில். ஆட்சேபம் சொல்ல 21 நாள். வீடு தேடி யாரும் வந்து சொல்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலில் தேட வேண்டியது நம் பெயரை அல்ல, சர்வே எண்ணை. குப்பனூர், பூலாவரி பக்கம், அளவுக்கல் நட்ட பிறகுதான் தன் காடு பட்டியலில் இருப்பதே தெரிந்தது என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019 ஏப்ரல் 8-ல் விவசாயிகள் பக்கம் தீர்ப்பானது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த முதல் அறிவிப்புகள் செல்லும் என்றது. ஒரு நாளிதழ் விளம்பரத்துக்கு எவ்வளவு எடை என்று இதில் தெரியும்.

உங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பர் தெரிகிறது, ரேஷன் கார்டு நம்பர் தெரிகிறது, காட்டு நம்பர் கேட்டால் மட்டும் "பட்டாவுல இருக்குதுங்க" என்கிறோம்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதற்கு நோட்டீஸே தேவையில்லை, நாள்காட்டி போதும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கலந்துகொள்ள வேண்டும். ஊசி முகாம் நேரம், ஆட்டோ நேரம், பலகை வைக்கும் இடம், இவற்றை அங்கே எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதிகாரிக்கும் தட்டிக்கழிக்க முடியாது. நானும் அதிகாரிதான், அதனால் தெரிந்தே சொல்கிறேன்.

கம்பத்தில் ஒட்டிய வேலை

வேலை விளம்பரம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் மின்கம்பம்தான் வேலைவாய்ப்பு அலுவலகம். "கோழிப்பண்ணைக்குத் தம்பதி தேவை, தங்குமிடம் உண்டு." "போர்வெல் லாரிக்கு ஆட்கள் தேவை, வடநாடு செல்ல வேண்டும்." "மில் வேலைக்குப் பெண்கள் தேவை, முன்பணம் தரப்படும்." இவற்றில் நல்லதும் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போய் வந்து காடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

அந்த 'முன்பணம்' என்ற சொல்லிடம் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வாங்கிய பணம் தீரும் வரை போகக் கூடாது என்று யாரையும் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நம் பெண்பிள்ளைகளை அழைத்துப் போனதும், இடையில் உடம்பு முடியாமல் திரும்பிய பிள்ளைகள் வெறுங்கையோடு வந்ததும் பழங்கதை ஆகிவிடவில்லை. விளம்பரத்தில் முதலாளி பெயரும் ஊரும் இல்லாமல் செல்போன் எண் மட்டும் இருந்தால் போகாதீர்கள். போவதானால், ஏற்கெனவே அங்கே இருந்து வந்த ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அரசு வேலை விளம்பரம், அதாவது அங்கன்வாடி, கிராம உதவியாளர், ரேஷன் கடை விற்பனையாளர் போன்றவை, மாவட்ட இணையதளத்தில் வரும். இ-சேவை மையத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாளிதழ்களிலும் வரும். "விளம்பரம் வரவில்லை, ஆனால் இடம் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று ஒருவர் வந்தால் அவரிடம் இருப்பது இடம் அல்ல. தனியார் நிறுவனங்கள் வரும் வேலைவாய்ப்பு முகாம்களை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறது. அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி அந்தக் கிடாரிக் கன்றுக்கு வருவோம். சகோதரி எழுதியதைப் பார்த்தால் அன்று போட்டது கன்று வீச்சு நோய்க்கான புருசெல்லா தடுப்பூசியாக இருக்க வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்தத் தடவை தவறினால் அடுத்த சுற்றில் போடலாம். புருசெல்லா அப்படி அல்ல. கிடாரிக் கன்றுக்கு மட்டும், நான்கு மாதத்தில் இருந்து எட்டு மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. வயது தாண்டினால் போட மாட்டார்கள். பின்னால் சினை பிடித்து ஏழு, எட்டு மாதத்தில் வீசிவிட்டால் கன்றும் போகும், பாலும் போகும். அந்த நஞ்சுக்கொடியைக் கையால் தொடுகிறவருக்கும் நோய் தொற்றும்.

உங்கள் கன்றுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை; கடிதம் எழுதி இதழ் கைக்கு வருவதற்குள் அதிலும் சில வாரம் கழிந்திருக்கும். அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை பால் ஊற்றிவிட்டு நேராகக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், கன்று பிறந்த தேதியைச் சொல்லி, விட்டுப்போன கன்றுகளுக்கு என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் இன்னும் யார் வீட்டுக் கன்று விட்டுப்போனது என்று எண்ணிக்கொண்டு போங்கள். மருந்துப் புட்டி ஒன்றைத் திறந்தால் பல கன்றுக்குப் போட வேண்டியிருக்கும். நான்கைந்து கன்று சேர்ந்தால் மருத்துவர் மறுக்காமல் வருவார்.