காலங்கடந்து வந்தவர் கூற்றும் அதனை அளக்கும் முறையும்

தமிழ் இலக்கணம் காலத்தை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றாக வகுத்துள்ளது. ஒரு காலத்திற்குரிய வினையை மற்றொரு காலத்தாற் கூறுதல் வழுவாகும். ஆயினும், தக்க காரணம் இருப்பின் அவ்வழுவும் அமைத்துக்கொள்ளப்படும். உண்ண வருமாறு அழைத்தவரிடம், இன்னும் இருக்கையை விட்டு எழாத ஒருவர், "இதோ வந்துவிட்டேன்" என்கிறார். வரப்போவதை வந்ததாகவே கூறிவிடுகிறார். விரைவு என்னும் காரணம் பற்றி இலக்கணம் அதனை ஏற்கிறது. கால வழுவமைதி எனப் பெயரும் இடுகிறது. காரணம் காட்டினாலன்றி வழு அமைதியாகாது என்பது இதனாற் பெறப்படும்.

சொல்லில் நிகழும் கால மாற்றத்திற்கே காரணம் கேட்பது நம் மரபு. அவ்வாறாயின், "யான் எதிர்காலத்திலிருந்து வந்துள்ளேன்" என்றோ, "யான் இறந்தகாலத்திற்குச் சென்று மீண்டேன்" என்றோ ஒருவர் உரைப்பாராயின், அவரிடம் நாம் எதனைக் கேட்க வேண்டும்? இத்தகையோர் மேலைநாடுகளில் அவ்வப்போது தோன்றியுள்ளனர். அவர்தம் கூற்றுகளை நம்புவோரும் நகைப்போரும் இன்றும் வாதிட்டு வருகின்றனர். நம்புதல், நகைத்தல் என்னும் இரண்டையும் விடுத்து, அளந்து பார்த்தல் என்னும் மூன்றாம் வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அளவைகள்

பண்டைத் தருக்க நூலார் உண்மையை அறிதற்குரிய கருவிகளை அளவைகள் என்றனர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. நாமே கண்டறிவது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் கூறக் கேட்டறிவது உரை. காலங்கடந்து வந்தோம் என்பார் நமக்குத் தருவது உரை ஒன்றே. அவர் ஏறிவந்த ஊர்தியை நாம் கண்டதில்லை. அவர் கண்ட உலகையும் கண்டதில்லை. ஆகவே, அவ்வுரையைக் காண்டலாலும் கருதலாலும் சோதித்த பின்னரே ஏற்பதோ மறுப்பதோ முறையாகும்.

அறிவியல் இடந்தருமா?

முதற்கண் எழும் வினா, இது நடக்கக்கூடியதா என்பது. எதிர்காலத்தை நோக்கிச் சற்றே விரைந்து செல்லுதல் நடக்கக்கூடியதே என்று அறிவியல் கூறுகிறது. விரைந்து செல்லும் கடிகாரம் மெல்ல ஓடும் என்று ஐன்ஸ்டீன் 1905 ஆம் ஆண்டில் காட்டினார். 1971 அக்டோபரில் ஹாஃபெல், கீட்டிங் என்னும் அறிஞர் இருவர் நான்கு சீசிய அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். கிழக்கு நோக்கிச் சென்றபோது அவை தரையிலிருந்த கடிகாரத்தைவிடச் சுமார் 59 நானோ வினாடி பிந்தியும், மேற்கு நோக்கிச் சென்றபோது சுமார் 273 நானோ வினாடி முந்தியும் இருந்தன. ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆறு பயணங்களில் 803 நாள்கள் விண்வெளியில் இருந்த உருசிய வீரர் செர்கெய் கிரிகாலேவ், தரையிலிருந்த நம்மைவிட வினாடியின் ஐம்பதில் ஒரு பங்களவே முன்னே சென்றுள்ளார்.

பின்னோக்கிச் செல்லும் செய்தி வேறு. சுழலும் பேரண்டம் ஒன்றில் அதற்குக் கணித அளவில் இடமுண்டு என்று 1949 இல் குர்ட் கோடல் காட்டினார். இயற்கையின் விதிகள் அத்தகைய பயணத்தைத் தடுத்துவிடும் என்னும் கருதுகோளை 1992 இல் ஸ்டீபன் ஹாக்கிங் முன்வைத்தார். அவரே 2009 சூன் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்கென விருந்து ஒன்றை ஏற்பாடு செய்தார். விருந்து முடிந்த பின்னரே அழைப்பிதழை வெளியிட்டார். காலத்தில் பின்னோக்கி வரவல்லவர் மட்டுமே அவ்விருந்திற்கு வந்திருக்க இயலும், ஒருவரும் வரவில்லை. இது முடிந்த முடிபு ஆகாது. வர இயன்றும் வராதிருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடக்கூடும். எனினும், மெய்ப்பிக்கும் சுமை வந்தேன் என்பவரையே சாரும் என்பதை அவ்வெற்று நாற்காலிகள் உணர்த்துகின்றன.

கூற்றின் ஊற்று

இனி, சோதனை முறைகளைக் காண்போம். ஒரு செய்தியை முதன்முதலில் சொன்னவர் யார் என்று தேடுவது முதற் சோதனையாகும். 1950 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையணிந்த ஒருவர் திடீரெனத் தோன்றி, வண்டி மோதி இறந்தார் என்றும், அவர் சட்டைப் பையில் பழைய நாணயங்களும் 1876 ஆம் ஆண்டுக் கடிதமும் இருந்தன என்றும் ஒரு செய்தி பல்லாண்டு உலவியது. ருடால்ஃப் ஃபென்ட்ஸ் என்று அவருக்குப் பெயரும் உண்டு. ஊற்றைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் இறுதியில் அடைந்தது, ஜாக் ஃபின்னி என்னும் எழுத்தாளர் 1951 இல் கோலியர்ஸ் இதழில் எழுதிய சிறுகதையை. கதையென எழுதப்பட்டது, கைமாறிக் கைமாறி நிகழ்ச்சியாகிவிட்டது.

2003 இலும் இவ்வாறே ஒன்று நிகழ்ந்தது. 2256 ஆம் ஆண்டிலிருந்து வந்த ஆண்ட்ரூ கார்ல்சின் என்பவர் 800 டாலரைப் பங்குச் சந்தையில் 35 கோடி டாலராகப் பெருக்கிக் கைதானார் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. அதன் ஊற்று வீக்லி வேர்ல்ட் நியூஸ் என்னும் புனைசுவை இதழ். பிற ஊடகங்கள் எடுத்தாண்டபோது, ஊற்றின் தன்மை மறைந்து, செய்தியின் சுவை மட்டும் எஞ்சிற்று. பலர் வாய்ப்பட்டமையால் ஒரு கூற்று பல சான்றுகளை உடையதாகிவிடாது. ஒருவர் சொன்னதை ஆயிரவர் திருப்பிச் சொன்னாலும் சான்று ஒன்றே.

நேர்மையும் உண்மையும்

சொன்னவர் நேர்மையானவராயின் கூற்றை ஏற்றுவிடலாமா என்பது அடுத்த வினா. 1901 ஆகஸ்டு 10 அன்று ஆங்கிலப் பெண் கல்வியாளர் இருவர் பிரான்சு நாட்டின் வெர்சேல் அரண்மனைத் தோட்டத்தில் உலவினர். ஒருவர் ஆக்சுபோர்டு செயின்ட் ஹியூஸ் கல்லூரியின் முதல்வர் சார்லட் ஆன் மோபர்லி. மற்றவர் பின்னாளில் அக்கல்லூரிக்கே முதல்வரான எலினார் ஜூர்டெய்ன். வழி தவறிச் சென்றபோது பழங்கால உடையினரைக் கண்டதாகவும், இனம் புரியாத சோர்வு தம்மைக் கவ்வியதாகவும் அவர்கள் கூறினர். புல்வெளியில் அமர்ந்து படம் வரைந்த ஒரு பெண்மணியைக் கண்ட மோபர்லி, அவர் பிரெஞ்சு அரசி மேரி அன்டாய்னெட்டே எனப் பின்னர் முடிவு செய்தார். உடன் சென்ற ஜூர்டெய்ன் அப்பெண்மணியைக் காணவேயில்லை. தம் அனுபவத்தைப் புனைபெயர்களில் 1911 இல் நூலாக வெளியிட்டனர்.

இவ்விருவரும் பொய்யர் என்று கூற இயலாது. பொருளாசை அவர்களைத் தூண்டியதென்பதற்கும் இடமில்லை. ஆயினும், தம் நினைவுகளை அவர்கள் தனித்தனியே எழுதிவைத்தது நிகழ்ச்சிக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னரே. அதற்குள் இருவரும் அதுபற்றிப் பேசியிருந்தனர். அதன் பின் பல்லாண்டுகள் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் தேடிப் படித்தனர். மனித நினைவு கல்லிற் பொறித்த எழுத்தன்று. ஒவ்வொரு முறை எடுத்துரைக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுவது. பின்னர்ப் படித்தது முன்னர்க் கண்டதனோடு கலந்துவிடுதல் இயல்பு. சாதாரணத் தோட்டக்காரரையோ நாடக உடையணிந்து கூடியிருந்தவரையோ அவர்கள் கண்டிருக்கலாம் எனக் கருதுவோர் உளர். நேர்மையாளரும் தவறாகக் காணக்கூடும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

எதிர்காலம் உரைத்தவர்

2000 ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் டைட்டர் என்னும் பெயரில் ஒருவர் கணினி வலையில் எழுதத் தொடங்கினார். தாம் 2036 ஆம் ஆண்டு அமெரிக்கப் படைவீரர் என்றார். 1975 இல் வெளிவந்த ஐ.பி.எம். 5100 என்னும் கணினியைப் பெற்றுச் செல்லப் பின்னோக்கி அனுப்பப்பட்டதாகவும், அதனைக்கொண்டு 2038 இல் கணினிகளுக்கு நேரவிருக்கும் இடரைத் தீர்க்க வேண்டும் என்றும் கூறினார். 2001 மார்ச்சுக்குப் பின் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அவரை நம்பியோர் காட்டிய சான்று வலிமையானதாகவே தோன்றிற்று. அக்கணினிக்குள் ஐ.பி.எம். பெருங்கணினிகளின் நிரலை இயக்கும் திறன் உண்மையிலேயே இருந்தது; பொதுமக்கள் அதனை அறியார். 2038 சனவரி 19 அன்று, 32 இருமக் கணக்கில் நேரத்தை எண்ணும் கணினிகளின் எண்ணிக்கை நிரம்பிவிடும் என்பதும் உண்மையே.

ஆனால், முதற் செய்தியை அப்பொறியை அமைத்தவர்கள் அறிந்திருந்தனர். இரண்டாவது, கணினி வல்லுநர் முன்னரே கணக்கிட்டறிந்தது. அறிதற்கு இயல்பான வழி ஒன்று இருக்கும்போது, அரிய வழியாலேயே அறிந்தார் எனக் கொள்ளுதல் கருதல் அளவைக்கு ஒவ்வாது. அவர் முன்னறிந்து கூறியவையோ பொய்த்தன. 2004 அளவில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கும் என்றார். 2004 க்குப் பின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறா என்றார். 2015 இல் உருசியா அமெரிக்க நகரங்கள்மீது அணுகுண்டு வீசும் என்றார். அத்தகைய போர் மூளவில்லை. 2008 இல் பெய்ஜிங்கிலும் 2012 இல் இலண்டனிலும் போட்டிகள் நடந்தன. 2015 உம் அணுகுண்டின்றிக் கடந்தது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. உலகங்கள் பலவாகக் கிளைக்கின்றன என்றும், தம் உலகும் நம் உலகும் சற்றே வேறுபட்டவை என்றும் டைட்டர் முன்னரே கூறிவைத்திருந்தார். ஹியூ எவரெட் 1957 இல் வெளியிட்ட கொள்கையை அவர் துணைக்கழைத்தார். இதன் விளைவு யாது? கூறியது பலித்தால் அவர் எதிர்காலத்தவர். பலிக்காவிடினும் அவர் வேறோர் எதிர்காலத்தவர். எவ்வகையாலும் தோற்க இயலாதவாறு அமைக்கப்பட்ட கூற்று வலிமையுடையது போலத் தோன்றும். உண்மையில், எது நடந்தாலும் பொருந்தும் கூற்று எதனையும் நமக்கு அறிவிப்பதில்லை.

எதனைச் சான்றாகக் கொள்ளலாம்?

அவ்வாறாயின், எச்சான்றும் போதாது என்று கதவடைத்துவிடலாமா? கூடாது. எது தந்தால் ஏற்போம் என்பதை முன்கூட்டியே கூறுவது நம் கடமை. முதலாவது, கூற்று நிகழ்ச்சிக்கு முன்னரே எழுதப்பெற்று, திருத்த இயலாதவாறு நடுநிலையாளரிடம் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, அது கணக்கிட்டறியக்கூடியதாக இருத்தலாகாது. 2027 ஆகஸ்டு 2 அன்று முழுச் சூரிய கிரகணம் என்று கூறுவதற்குக் காலப்பயணம் வேண்டியதில்லை. வானியற் கணக்குப் போதும். மாறாக, ஒரு நிலநடுக்கத்தின் நாள், நேரம், இடம், அளவு ஆகியவற்றைத் துல்லியமாக, அதுவும் ஒருமுறையன்றிப் பலமுறை கூறுவாராயின் நாம் எழுந்து நின்று கேட்போம். மூன்றாவது, பொய்த்தால் தம் கூற்றைக் கைவிடுவதாக அவர் ஒப்ப வேண்டும்.

இவ்வாதம் வெறும் பொழுதுபோக்கன்று. காலப்பயணி ஒருவரை நம் வாழ்நாளில் நாம் சந்திக்கப்போவதில்லை. ஆனால், இன்ன தொழிலில் இட்ட பணம் ஓராண்டில் இரட்டிக்கும் என்பாரையும், இன்ன நாளில் இன்னது நேரும் என அச்சுறுத்துவாரையும் நாள்தோறும் சந்திக்கிறோம். அவர்கள் நம்மிடம் கேட்பதும் அதே நம்பிக்கையைத்தான். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவையும் அதே வினாக்கள்தாம். முதலில் சொன்னவர் யார்? அறிவதற்கு வேறு வழி இருந்ததா? பொய்த்தால் ஒப்புக்கொள்வீரா?

மற்றொன்றும் மாணாக்கர் மனங்கொள்ளத்தக்கது. இத்தகைய கூற்றுகளை உரைப்போருள் ஏமாற்றுவோரும் உளர். விளையாட்டாகத் தொடங்கியோரும் உளர். மெய்யெனவே நம்பியோரும் உளர். மனநோயால் துன்புறுவோரும் இருத்தல் கூடும். ஆதலின், எள்ளி நகையாடுதல் மறுப்பாகாது; அது வாதத்தில் தோற்றவர் செயலாகவும் அமைந்துவிடும். சொன்னவரிடம் பரிவும், சொல்லிடம் கண்டிப்பும் காட்டுதலே கற்றோர்க்கு அழகு. காரணம் காட்டினால் வழுவையும் ஏற்பது தமிழ் மரபு. காட்டும்வரை பொறுமையுடன் கேட்டுக்கொண்டிருப்பதும், காட்டாதவரை ஏற்காதிருப்பதும் அம்மரபில் வந்த நம் கடமையாகும்.