மலையேறும்போது புல் ஏன் மாறுகிறது?

‘தகவமைப்பு’ பாடம் முடிந்து தேர்வு வைத்தால், ஆண்டுதோறும் இந்த வாக்கியம் விடைத்தாள்களில் வந்துவிடும்: “குளிரைத் தாங்குவதற்காகப் புல் தன்னை மாற்றிக்கொண்டது.” நான் இதற்கு மதிப்பெண் தருவதில்லை, மாணவர்களைக் கடிந்துகொள்வதும் இல்லை. நாம் வகுப்பில் பேசும் முறையே அவர்களை அப்படி எண்ண வைக்கிறது. எந்தப் புல்லும் குளிரைக் கண்டு முடிவெடுத்து மாறுவதில்லை. இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது நீலகிரி.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆக, ஒரே நாளில் ஒரே பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ 15 டிகிரி வேறுபாடு. இதைப் புல்லின் இலைக்குள்ளேயே காணலாம்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதிக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் கூடக் கூட, அது ஆக்சிஜனையும் அதிகமாகப் பிடித்துவிடும், உழைப்பு வீணாகும். நெல், கோதுமை போன்ற சி3 புற்களுக்கு இந்த இழப்பு உண்டு. சோளம், கேழ்வரகு, கரும்பு, எலுமிச்சைப்புல் ஆகிய சி4 புற்கள் கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறைச் செல்களில் கொண்டுபோய்க் குவிக்கின்றன. அங்கே ரூபிஸ்கோ தடையின்றி வேலை செய்யும். ஆனால் இதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. வெயிலில் அந்தச் செலவு லாபம், குளிரில் வீண்.

கென்யாவின் மலைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. 2,000 மீட்டருக்குக் கீழே சி4 புற்களின் ஆட்சி. 3,000 மீட்டருக்கு மேலே ஏறக்குறைய முழுவதும் சி3. நீலகிரி உச்சியோ இரண்டும் கலந்து வளரும் இடம். அக்ரோஸ்டிஸ் போன்ற சி3 புற்களுக்குப் பக்கத்திலேயே கிரைசோபோகன் என்னும் சி4 புல் கொத்துக் கொத்தாக நிற்கும்.

வெப்பம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ரா. சுகுமார் குழுவினர் நீலகிரியின் சதுப்பு நிலக் கரிமண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், இன்றைவிடக் குளிரான அந்தக் காலத்தில், அங்கே ஓங்கியிருந்தவை சி4 புற்களே! காரணம் வறட்சி. சி4 புல் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும். பிறகு பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் பெருகின. பாடநூலின் ஒற்றை வரி விளக்கத்தோடு நின்றுவிடாதவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று கருகும், புல் பிழைக்கும். அதன் வளர்முனை தரையை ஒட்டி, காய்ந்த இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. நுனி கருகினாலும் அடியிலிருந்து தழைக்கும். மரமில்லாத இந்த வெளியைத் ‘தரிசு’ என்று கருதி, வெளிநாட்டுச் சீகை மரங்களை நட்டதால் பெரும்பரப்பு அழிந்தது. பசுமைப்படை மாணவர்களோடு மரம் நடப் போகும் ஆசிரியர்கள், அந்த இடம் முன்பு காடா புல்வெளியா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி, விடைத்தாள் வாக்கியத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் செடிகளைப் பிரித்து, சுமார் 30, 1,400, 3,050 மீட்டர் உயரங்களில் நட்டனர். 1940இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் முதன்மைச் செடிகள் புற்கள் அல்ல. ஆனால் கேள்வி நம்முடையதே. ஒரே செடியின் துண்டுகள் இடத்துக்கு இடம் உயரம் மாறின. அது செடியின் நெகிழ்வு. ஆனால் மலையுச்சிச் செடி சமவெளிக்கு வந்தும் குட்டையாகவே நின்றது. அது மரபு: பல தலைமுறைகளில் குட்டையானவை அங்கே அதிகம் பிழைத்து விதை விட்டதன் விளைவு.

வகுப்பில் செய்ய எளிய வழி உண்டு. சோள இலையையும் நெல் இலையையும் பிளேடால் மெல்லியதாகக் குறுக்கே வெட்டி, நீரில் வைத்து நுண்ணோக்கியில் காட்டுங்கள். சோளத்தில் நரம்பைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். நெல்லில் அந்த வளையம் வெளிறியிருக்கும். மலைப்பள்ளி ஆசிரியர்கள் சாலையோரப் புல்லில் ஓர் இலையைக் கிள்ளி இதையே செய்யலாம். வேரோடு பிடுங்க வேண்டாம்.